வேலை எதுவரை?

பெருந்துறையிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் தண்ணீருக்காக அரசு செய்த பெரிய வேலை ஒன்று எதிர்ப்படும். ஊருக்குப் பக்கத்திலேயே கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிறது. வடக்கே பவானியில் தொடங்கி, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி வழியாக மேற்கே ஏறுகிறது அத்திக்கடவு–அவினாசிக் குழாய். அதே பவானிக்கு அருகே காவிரியில் எடுத்த தண்ணீர் இன்னொரு குழாயில் திருப்பூருக்குப் போகிறது. தெற்கே சென்னிமலைப் பக்கம் போனால் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை நிற்கிறது. நான்கிலும் பொறியியல் பெரிதாகக் கோட்டை விட்டுவிடவில்லை. ஆனால் நான்கிலும் ஏதோ ஒரு கட்டத்தில், யாரோ ஒரு தரப்பு, "இதுக்குத்தானா கேட்டோம்?" என்று கேட்டிருக்கிறது. அந்தக் கேள்வி எங்கே முளைத்தது என்று தேடிப் போனால், மண்வெட்டி விழுவதற்கு முன்னால் எழுதப்பட்ட வேலை விவரத்துக்கே வந்து நிற்கிறோம்.

இங்கே எடை போடப்போவது அந்த விவரத்தைத்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் இதை 'ஸ்கோப்' என்பார்கள். பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட்டும் ஒப்பந்தப்புள்ளி ஆவணமும் சேர்ந்து இதன் இடத்தில் இருக்கும். என்ன செய்ய வேண்டும், எதுவரை செய்ய வேண்டும், முடிந்தது என்று யார் எதைப் பார்த்துச் சொல்வார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

சின்ன அளவில் இதைப் பார்க்கப் பெருந்துறை சிப்காட்டைவிட நல்ல இடம் கிடையாது. ஓர் ஆலைக்காரர் குடோனுக்கு ஷெட் போட ஃபேப்ரிகேஷன்காரரைக் கூப்பிடுகிறார். கொட்டேஷன் ஒரே பக்கம்: நீளம், அகலம், உயரம், தூண் எந்த சைஸ், கூரைக்கு எந்த ஷீட், சதுர அடிக்கு என்ன ரேட், ஜி.எஸ்.டி. தனி. அட்வான்ஸ் கைமாறுகிறது. தூண்கள் லாரியில் வந்து இறங்குகிற அன்றைக்குத்தான் பேச்சு ஆரம்பிக்கிறது.

"ஏனுங்க, கிரேன் நம்ம கணக்குங்களா, உங்க கணக்குங்களா?"

"அது அப்புறம் பாத்துக்கலாங்க. மொதல்ல தூணை நிறுத்துங்க."

கிரேன் முடிந்தால் வெல்டிங்குக்குக் கரண்ட். அது முடிந்தால் ஃபவுண்டேஷன் போல்ட்: சிவில்காரர் போட்டுவிட்டுப் போனது அரை இஞ்சு விலகியிருக்கிறது, தூணின் ஓட்டை அதில் உட்காரவில்லை. தூணைச் சரி செய்வதா, போல்ட்டைச் சரி செய்வதா, கூலி யார் கொடுப்பது? கடைசியில் மழைத்தண்ணி பைப். கூரையிலிருந்து தரை வரைக்கும் இறக்கியாயிற்று, அங்கிருந்து சாக்கடை வரைக்கும் யார் கொண்டு போவது? சதுர அடி ரேட்டைப் பற்றி சண்டை வந்ததாகக் கேள்விப்படுவது குறைவு. சதுர அடிக்குள் அடங்காத இடங்களில்தான் எல்லாச் சண்டையும்.

ஆனாலும் ஷெட் எழும்பிவிடுகிறது. கொங்கு நாட்டுத் தொழில் பெரும்பாலும் இப்படி வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது, ஓடவும் செய்கிறது. காரணம், இருவருக்கும் அடுத்த ஆர்டர் இருக்கிறது. இந்த ஷெட்டில் விட்டதை அடுத்த ஷெட்டில் பிடித்துக்கொள்ளலாம். கல்யாணத்தில் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் தாளில் எழுதச் சொன்னால் "நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்ற வருத்தம் வேறு. எழுதாத இடத்தை உறவு நிரப்புகிறது. ஆயிரம் கோடி ரூபாய் வேலையில் இந்த வசதி கிடையாது. கொடுப்பவர் ஐந்தாண்டில் மாறுவார். செய்பவர் வேறு மாநிலத்துக்கு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பயனாளியோ ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாதவர். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

ஆகவே ஒரு வேலை விவரத்திடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். முடிந்தது என்பதை எதை அளந்து சொல்வோம்? வேலையின் எல்லைக்கு வெளியே நிற்பது எது, அதற்கு யார் பொறுப்பு? இந்த வேலை பலிக்க எதெல்லாம் உண்மையாக இருக்கும் என்று நம்பியிருக்கிறோம், அந்த நம்பிக்கை பொய்த்தால் சுமை யார் தலையில்? முதல் கேள்விக்கு எல்லாரும் ஏதோ ஒரு பதில் வைத்திருப்பார்கள். இரண்டாவதில் தடுமாறுவார்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

அத்திக்கடவில் தொடங்கலாம். நான்கிலும் துல்லியமான விவரம் அதற்குத்தான். பில்லூருக்கு மேலே அத்திக்கடவில் தண்ணீரை எடுத்து மேட்டிலிருந்து தானாகவே இறங்கி வரச் செய்வது பழைய கனவு. அறுபது ஆண்டுக் கோரிக்கை என்று அவினாசிப் பக்கம் சொல்வார்கள். கடைசியில் திட்டம் வேறு உருவெடுத்தது. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரை வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் எடுப்பது, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றுவது, 1,065 கிலோமீட்டர் குழாயில் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டு சேர்ப்பது. நீர்வளத் துறை ஏரிகள் 32, ஊராட்சி ஒன்றியக் குளங்கள் 42, மீதி 971 சிறு குளம் குட்டைகள். 2019 பிப்ரவரி 28-இல் அவினாசியில் அடிக்கல் நாட்டினார் எடப்பாடி பழனிசாமி. மதிப்பீடு 1,652 கோடி ரூபாய். 2024 ஆகஸ்ட் 17-இல் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தபோது அது 1,916 கோடியாகியிருந்தது.

இந்த விவரத்தைக் காகிதத்தில் வைத்துச் சரிபார்க்க முடிகிறது என்பதே பெரிய விஷயம். 250 கன அடி, ஒரு நாளைக்கு 86,400 வினாடி: 2.16 கோடி கன அடி. எழுபது நாளுக்கு 151 கோடி கன அடி, அதாவது ஒன்றரை டி.எம்.சி. திட்டமும் ஒன்றரை டி.எம்.சி. என்றுதான் சொல்கிறது. கணக்கு இடிக்கவில்லை. எங்கே எடுப்பது, எவ்வளவு, எத்தனை நாள், எங்கே கொண்டுபோய் விடுவது என்று நான்கும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குளத்தின் வாயிலும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் நீர் அளவுக் கருவியும் வைத்திருக்கிறார்கள். கடைசி மீட்டரில் அளக்க ஏற்பாடு செய்த அரசு நீர்த் திட்டங்கள் நம்மிடம் அதிகம் இல்லை. முதல் கேள்வியில் அத்திக்கடவுக்கு நல்ல மதிப்பெண் போடலாம்.

ஆனால் அதே விவரத்தில் 24,468 ஏக்கர் பாசன வசதி பெறும் என்றும் ஒரு வரி இருக்கிறது. ஒன்றரை டி.எம்.சி.யை அந்த ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1.4 அடி உயரத் தண்ணீர். குளத்தில் ஆவியாவதையும் தரையில் இறங்குவதையும் கழிக்கும் முன்பே இவ்வளவுதான். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளோ நெல்லோ வைத்தவருக்கு இது எந்த மூலைக்கு என்று தெரியும். இந்தத் திட்டத்தின் உண்மையான பயன் நிலத்தடி நீர் ஏறுவது, கிணறு பிடிப்பது, போர்வெல் ஆழம் குறைவது. அதற்கு ஒன்றரை டி.எம்.சி. மதிப்புள்ளதுதான். அப்படியிருக்க ஏக்கர் கணக்கை ஏன் சேர்த்தார்கள்? பாசனத் திட்டம் என்றால் ஏக்கர் சொல்ல வேண்டும் என்ற பழக்கம். அளக்க முடிகிற வரிக்குப் பக்கத்தில் அளக்க முடியாத வரியை வைத்தால், நாளைக்கு ஊர் பிடித்துக்கொள்வது இரண்டாவதைத்தான்.

இன்னொரு சிக்கல், பாதி வழியில் இருக்கும் வேலையை எப்படிச் சொல்வது என்பது. கட்டுமானம் நடந்த ஆண்டுகளில் அடிக்கல் நாட்டியவர் கட்சியும் தொடங்கி வைத்தவர் கட்சியும் சதவீதத்தில் சண்டை போட்டன. பெரும்பகுதியை நாங்களே முடித்துவிட்டோம் என்றது ஒரு தரப்பு. அந்தச் சதவீதம் எதன் சதவீதம் என்று யாரும் கேட்கவில்லை. 1,065 கிலோமீட்டரில் முதல் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரே ஒரு கிலோமீட்டர் குழாய் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளக் கணக்கில் 99.9 சதவீதம் முடிந்தது. தண்ணீர்க் கணக்கில் பூஜ்யம். இது வெறும் கற்பனையும் இல்லை. முதல் நிலையங்களுக்கு இடையே விவசாயிகளின் நிலத்தில் குழாய் போவதற்கான இழப்பீட்டுப் பேச்சு இழுத்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று அமைச்சர் தரப்பே சொன்னது. நிலம் யார் வாங்கித் தருவது, எந்தத் தேதிக்குள், தராவிட்டால் கெடு எப்படி நகரும் என்பது வேலை விவரத்தின் இரண்டாம் கேள்வி. குழாய்க்காரர் குழாயோடு காத்திருக்க, கெடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது குளம். குழாயின் வாய் வரைக்கும் திட்டம், அதற்கப்புறம் குளம். குளத்துக்கு மூன்று வகைச் சொந்தக்காரர்கள்: நீர்வளத் துறை, ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி. தூர் வாருவதும் சீமைக்கருவேலத்தைப் பிடுங்குவதும் ஆக்கிரமிப்பை எடுப்பதும் அவரவர் பாடு. தொடங்கி வைத்த பிறகும் சில குளங்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற புகார் வந்தபோது, கோளாறு குழாயிலா குளத்திலா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஷெட்டின் மழைத்தண்ணி பைப் விவகாரம்தான் இது, 1,045 இடங்களில்.

மூன்றாம் கேள்விக்கு வந்தால் விவரம் மௌனமாகிறது. முழுத் திட்டமும் 'உபரி' என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. வெள்ளோட்டங்கள் 2023-இலேயே நடந்தன. பிறகு ஆற்றில் போதிய நீர் வரட்டும் என்று திறப்பு விழா காத்திருந்தது. அந்த மாதங்களில் வேலை முடிந்ததா, முடியவில்லையா? ஒப்பந்தக்காரர் முடிந்தது என்பார், அவர் சொல்வது நியாயமும்கூட. காய்ந்த குட்டைக் கரையில் நிற்பவர் முடியவில்லை என்பார், அதுவும் நியாயம்தான். எழுபது நாள் உபரி கிடைக்காத ஆண்டில் நாற்பது நாள் தண்ணீரை எந்தக் குளத்துக்கு விடுவது? காளிங்கராயன் பாசனத்துக்கும் குடிநீருக்கும் போக மிச்சம் என்பதை யார், எந்த மதகில் நின்று தீர்மானிப்பது? திட்டம் தொடங்கிய பிறகு ஆண்டுதோறும் கேட்கப்போகும் கேள்விகள் இவை. இவற்றுக்கான பதிலை அரசு சொன்ன திட்ட விவரத்தில் காணோம்.

காளிங்கராயன் பேரைச் சொன்னதால் ஒரு சின்ன விலகல். பதிமூன்றாம் நூற்றாண்டில் பவானியிலிருந்து நொய்யல் வரைக்கும் வாய்க்கால் வெட்டிய அந்தப் பெருமகன், தானும் தன் வம்சமும் அந்தத் தண்ணீரை அனுபவிப்பதில்லை என்று சத்தியம் செய்து ஊத்துக்குளிப் பக்கம் போய்விட்டார் என்பது ஊர் வழக்கு. வரலாற்றாசிரியர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ. வேலை விவரம் எழுதுகிறவன் கண்ணுக்கு அது ஒரு ஷரத்து: கட்டுகிறவனுக்கு இதில் பங்கு இல்லை. எழுநூறு ஆண்டுகள் வாய்மொழியாக நின்ற ஷரத்து.

கீழ்பவானிக்கு வருவோம். பெருந்துறைக்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் சண்டை. 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பும் 200 கிலோமீட்டர் மண் வாய்க்கால், தலைமதகில் வினாடிக்கு 2,300 கன அடி. ஆயக்கட்டு 2.07 லட்சம் ஏக்கர். அதைச் சரிபாதியாகப் பிரித்து, ஆகஸ்ட் பாதியில் திறக்கும் முதல் போகத்தில் ஒரு பாதிக்கு நெல்லுக்கும், ஜனவரியில் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்கும் முறை வைத்து விடுகிறார்கள். இந்த வாய்க்காலை நவீனப்படுத்த 2020-இல் வந்தது அரசாணை 276. 2021 பிப்ரவரி 25-இல் கோவையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நபார்டு கடன் உதவி. திட்டத்தின் உள்ளே இருந்தது கான்கிரீட்: வாய்க்காலின் அடியிலும் பக்கத்திலும்.

ஒரு தரப்பு விவசாயிகள் கொதித்தார்கள். இன்னொரு தரப்பு வரவேற்றது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது, வேலையைத் தொடங்கச் சொல்லி உத்தரவும் வந்தது. 2023 ஜூனில் பெருந்துறையில் காலவரையற்ற உண்ணாவிரதம் நடந்தது. அமைச்சர் வந்து பேசினார். எந்த இடத்தில் கான்கிரீட், எந்த இடத்தில் மண், எந்த மரத்தை விட்டுவைப்பது என்று வேலையின் வடிவமே பேச்சுவார்த்தை மேசைகளில் மாறிக்கொண்டிருந்தது. அரசாணை வந்து, அடிக்கல் நாட்டி, ஒப்பந்தமும் கொடுத்த பிறகு வேலை எதுவென்று பேசுவது என்றால், முதலில் எழுதியது வேலை விவரமே இல்லை என்று பொருள்.

இரு தரப்பின் பேச்சையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைமடைக்காரர் சொல்வது: "வரி கட்றோமுங்க. ஆயக்கட்டுல பேரு இருக்குது. தண்ணி மட்டும் வர்றதில்ல." மேல்பகுதியில் வாய்க்காலை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர் சொல்வது: "எங்க கெணத்துக்கு ஊத்துக்கண்ணே வாய்க்கால்தானுங்க. அதை அடைச்சா அப்புறம் ஊருல குடிக்கத் தண்ணியேதுங்க?" இருவரும் பொய் சொல்லவில்லை. சட்டப்படி பார்த்தால் முதலாமவர் கை ஓங்கியிருக்கிறது, ஏனென்றால் பதிவேட்டில் இருப்பது ஆயக்கட்டு. கசிவு நீரை நம்பியிருக்கும் தோட்டத்துக் கிணறும், ஊராட்சியின் குடிநீர்க் கிணறும் எந்தப் பதிவேட்டிலும் பயனாளி ஆகவில்லை. எழுபது ஆண்டுகளாக மண் வாய்க்கால் தானாகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலை அது. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை என்பதால் யாரும் அதை எழுதவுமில்லை.

இங்கே திட்ட விவரம் செய்த தவறு கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். கான்கிரீட் சில மைல்களுக்குச் சரியாக இருக்கலாம். தவறு, வேலையைக் கான்கிரீட்டாகவே வரையறுத்தது. வேண்டியது என்ன? கடைசி மைலில் இத்தனை கன அடி வர வேண்டும், வழியில் கிணறுகளின் நீர்மட்டம் இதற்குக் கீழே போகக் கூடாது. இந்த இரண்டு வரிகளை முதலில் எழுதி, இன்று எவ்வளவு வருகிறது, இன்று எவ்வளவு மட்டம் இருக்கிறது என்று ஒரு போகம் முழுக்க அளந்து வைத்திருந்தால், கான்கிரீட்டா மண்ணா என்பது மைல் மைலாகப் பார்த்து முடிவு செய்யும் கணக்காகியிருக்கும். அளவே இல்லாமல் தொடங்கியதால் அது கட்சி கட்டும் நம்பிக்கையாகிவிட்டது.

ஏன் அப்படி எழுதவில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அது அளவுப் புத்தகத்தில் இருக்கிறது, துறைக்காரர்கள் எம்-புக் என்பார்கள். களத்தில் அளந்ததை அதில் ஏற்றினால்தான் பில். கான்கிரீட்டை கன மீட்டரில் அளந்து ஏற்றிவிடலாம். உறுதியான கரையையாவது ஒருவாறு அளக்கலாம். கசியாமல் நின்ற தண்ணீரை, அல்லது கசிந்து கிணற்றில் ஏறிய தண்ணீரை எந்தப் பக்கத்தில் ஏற்றுவது? பில் போட வசதியானதே வேலையாகிறது. யாருடைய கெட்ட எண்ணமும் இதற்குத் தேவையில்லை. ஐட்டம் வாரியாக ரேட் போடும் முறையே வேலையை அந்தப் பக்கம் இழுக்கிறது.

'அப்படியானால் பலனையே எழுதிவிடலாமே, எப்படிச் செய்வது என்பதை ஒப்பந்தக்காரரிடம் விடலாமே' என்று தோன்றும். உலகம் முழுக்க இந்த விவாதம் உண்டு. அமெரிக்க அரசுக் கொள்முதலில் செய்முறையை எழுதும் வேலை விவரம் ஒரு வகை, பலனை எழுதும் விவரம் இன்னொரு வகை. பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் மாதிரி ஒப்பந்தங்களிலும் இதே பிரிவினை. சிவப்புப் புத்தகத்தில் வடிவமைப்பு வேலை கொடுப்பவருடையது, அளந்து பணம். மஞ்சள் புத்தகத்தில் வடிவமைப்பு செய்பவருடையது, முடிந்த பொருள் சொன்ன நோக்கத்துக்கு உதவ வேண்டும் என்ற பொறுப்பும் அவருடையது. நம் ஊரில் ஐட்டம் ரேட், டர்ன்கீ என்கிறோம். பலனை எழுது என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறது. அதைச் சோதிக்கத் திருப்பூர்க் குழாய் இருக்கிறது.

1995-இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் உருவானது. மாநில அரசு, ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் சேர்ந்த நிறுவனம். இந்தியாவில் தனியார் பங்கேற்போடு வந்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டம். ஆயிரம் கோடிக்கு மேல் செலவு. 185 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். கட்டி, நடத்தி, முப்பது ஆண்டுக்குப் பின் ஒப்படைக்க வேண்டும். ஆவணமாகப் பார்த்தால் நம்மூரில் எழுதப்பட்டவற்றில் இதுதான் வக்கீல்கள் அதிகம் உழைத்தது. குழாய் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நிற்காமல், எவ்வளவு தண்ணீர், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்றே எழுதினார்கள். பலனை எழுதிய விவரம்.

2005-ஐ ஒட்டித் தண்ணீர் வந்தது. சாயப்பட்டறைகள் எதிர்பார்த்த அளவுக்கு வாங்கவில்லை. போர்வெல்லும் லாரித் தண்ணீரும் ஏற்கெனவே கைக்குப் பழகியிருந்தன. பிறகு 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. திரும்பத் திறந்தபோது ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமாகிவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆலைக்குப் புதுத் தண்ணீர் எதற்கு அவ்வளவு? தொழிற்சாலை கொடுக்கும் விலையில்தான் ஊருக்கும் கிராமத்துக்கும் குறைந்த விலைத் தண்ணீர் என்ற கணக்கு ஆட்டம் கண்டது. நிறுவனம் கடனில் தத்தளித்தது. 2018-இல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமமே சரிந்தது தனிக் கதை.

பலனை எழுதியும் ஏன் தடுமாறியது? திருப்பூரின் தாகம் வளர்ந்துகொண்டே போகும் என்பதை எழுதாமலே உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆலைக்குள் போகும் தண்ணீரை எண்ணினார்கள், வெளியே வரும் சாயத்தண்ணியை எண்ணவில்லை. அந்தச் சாயத்தண்ணிதான் கடைசியில் ஆலையை மூடியது, மூடிய ஆலை தண்ணீர் வாங்கவில்லை. பலனை எழுதுவதா செய்முறையை எழுதுவதா என்பது மட்டுமே பிரச்சினை என்றால் இந்தத் திட்டம் ஜெயித்திருக்க வேண்டும்.

ஒரத்துப்பாளையத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய அணை. நீரின் அளவு கணக்கில் இருந்தது, நீரின் தரம் இல்லை. மேலே திருப்பூரில் சாயம் பெருகியது. அணை சாயக்கழிவின் தொட்டியானது, அதைத் திறந்தாலும் கேடு, மூடி வைத்தாலும் கேடு என்ற நிலை வந்தது. கட்டுமானமாக அணைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் நிற்கிறது. ஆனால் எந்த விவசாயியும் அதன் மதகு திறக்கக் காத்திருக்கவில்லை.

நான்கையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன். எழுத்தாக மட்டும் பார்த்தால் திருப்பூர்தான் முதலிடம். அத்தனை ஷரத்து, அத்தனை அட்டவணை. ஆனால் என் தீர்ப்பில் அத்திக்கடவே மேல். அதன் விவரம் ஒரு சாதாரணக் குடியானவர் கால்குலேட்டரை வைத்துச் சரிபார்க்கும்படி இருக்கிறது. தவறினால் எந்தக் குளத்தில் தவறியது என்று ஊரே கண்டுபிடிக்கும்படி இருக்கிறது. ஏக்கர் வரி போன்ற அலங்காரங்களும், நிலம் குளம் பற்றிய ஓட்டைகளும் அதன் மதிப்பைக் குறைக்கின்றன, அழிக்கவில்லை. கீழ்பவானி நவீனப்படுத்தல் அதற்கு வெகு கீழே. மூன்று கேள்வியில் ஒன்றுக்குக்கூட ஆயக்கட்டும் அக்கம்பக்கமும் ஒத்துக்கொள்ளும் பதில் அதில் இல்லாததால்தான் விவாதம் தெருவுக்கு வந்தது. உண்ணாவிரதப் பந்தலில் பேசியதெல்லாம் வேலை விவரத்தின் முதல் வரைவில் பேசியிருக்க வேண்டியவை. ஒரத்துப்பாளையம் கடைசி.

பலனை எழுதுவதா, செய்முறையை எழுதுவதா என்ற வழக்கமான சண்டையில் இரு தரப்பும் பாதிதான் சரி. ஒப்பந்தக்காரரின் கைக்குள் இருப்பதை, அதாவது குழாய், பம்பு, அளவு, கெடு ஆகியவற்றை, செய்முறையாகவும் அளவாகவும் எழுதலாம், எழுத வேண்டும். மழை, உபரி, சந்தை, மேலே இருப்பவர் விடும் கழிவு ஆகியவை யார் கைக்குள்ளும் இல்லை. அவற்றை ஒப்பந்தக்காரர் தலையில் கட்டினால் ரேட்டை ஏற்றுவார், அல்லது கோர்ட்டுக்குப் போவார். எழுதாமல் விட்டால் அவை கடைசியில் விவசாயி தலையில் இறங்கும். மூன்றாவது வழி ஒன்று உண்டு: அவற்றை நம்பிக்கை என்றே பேர் சொல்லி எழுதுவது, பொய்த்தால் அரசு இன்னின்னதைச் செய்யும் என்று அதே பக்கத்தில் சேர்ப்பது. இது தொழில்நுட்பமாகக் கஷ்டமில்லை. அரசியலாகத்தான் கஷ்டம், ஏனென்றால் அடிக்கல் நாட்டும் மேடையில் 'தண்ணீர் வராமலும் போகலாம்' என்று படிக்க யாருக்கும் வாய் வராது.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. யாருக்கு, எந்த விலைக்கு, எப்படிக் கொடுத்தோம் என்பதைத் திறந்து வைக்கச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் விலை திறந்திருப்பதும், வேலை என்ன என்பது ஊருக்குப் புரிவதும் ஒன்றல்ல. ஒப்பந்தப்புள்ளி ஆவணம் பல நூறு பக்கம், அதைப் படித்த கீழ்பவானி விவசாயி எத்தனை பேர்? படித்த ஒரு சிலரால்தான் இந்த விவாதமே கிளம்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அத்திக்கடவில் விடுபட்டுப்போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களைச் சேர்த்து இரண்டாம் கட்டம் வேண்டும் என்று மூன்று மாவட்டத்திலும் கேட்கிறார்கள். வரத்தான் போகிறது. அதன் விவரத்தில் ஏக்கர் கணக்கு வேண்டாம். குளம் வாரியாக எத்தனை கன அடி என்பதும், குளத்தைத் தூர் வாரி வைக்க வேண்டியவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். வேலை முன்னேற்றத்தைக் குழாயின் நீளத்தில் சொல்லாமல், இன்று தண்ணீர் விட்டால் எத்தனை குளத்துக்கு எட்டும் என்று சொல்லட்டும். புதுக் குளங்களுக்குப் பழைய ஒன்றரை டி.எம்.சி.யிலேயே பங்கா, வேறு தண்ணீரா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதட்டும். எழுபது நாள் உபரி வராத ஆண்டில் எந்தக் குளம் முதலில், எந்தக் குளம் கடைசியில் என்ற வரிசையை, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கிராம சபைகளில் வாசித்துக் காட்டட்டும். முதலில் எழுந்து கேட்கப்போவது அன்னூர்க்காரர்கள்தான், ஆறாவது நிலையம் அவர்களுடையது.